ஒன்பது துளி தேங்காயெண்ணெய்

1996 ஜனவரி 20ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மழை இல்லை. மேகம் மூடியிருந்தது, மலைப்பக்கமிருந்து குளிர்காற்று. துவக்குச் சுடும் களத்துக் கொட்டகையின் சுவரில் தொங்கிய வெப்பமானி ஏழு பாகை காட்டியது. அதை நான் இரண்டு தரம் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நான் சிஞ்ஞோரின் வீட்டில் வேலைக்காரன். பலெர்மோவில், போர்கோ வெக்கியோவுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் வீடு. ஏற ஐம்பத்தெட்டுப் படி. அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது, எனக்கு ஐம்பத்தேழு. அவர் கப்பல் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என்னை "புரொபெசோரே" என்றுதான் கூப்பிடுவார். குசினியில் பானை கழுவிக்கொண்டிருக்கும்போதும் அப்படித்தான்.

அவரிடம் தகப்பனார் வைத்திருந்த பழைய துவக்கு ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடுகிற சின்னக் குழல். அவர் பெயரில் பதிந்தது, அனுமதிப்பத்திரமும் இருந்தது. ஆனால் இருபது வருடம் வெளியே எடுக்காததில் துருப் பிடித்துக் கிடந்தது. முந்தின ஒக்டோபரில் அதைத் திருத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பிரான்காச்சோவில் துவக்குத் திருத்துகிற ஒரு மனிதரிடம் அவருடைய காரில் போய்க் காட்டினோம். அவர் குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்து, தோட்டா இருக்கும் அறையை அளந்து, குழல் நல்லது, ஸ்பிரிங்கை மட்டும் மாற்ற வேண்டும் என்றார். மாற்றியும் தந்தார்.

மிச்ச வேலையை வீட்டில் நாங்கள் பிரித்துக்கொண்டோம். சிஞ்ஞோர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று.

"மரம் உங்களுக்கு, இரும்பு எனக்கு. உங்களிடம் பத்திரம் இல்லை. இரும்பில் கை வைக்கக் கூடாது."

"ஊரில் நான் துவக்கின் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறன், சிஞ்ஞோரே. பின்பக்கம் தொட எனக்கு ஆசையில்லை."

அவர் சிரித்தார். எங்கள் சோதனைச் சாவடிகளைப் பற்றி அவருக்குச் சொல்லியிருந்தேன்.

மரக்கட்டையில் பழைய வார்னிசைச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெய் ஏழு தரம் பூசினேன். ஒரு பூச்சு காய இரண்டு நாள். அவர் குழலைப் பின்பக்கமிருந்து துடைத்தார். கறுத்து வந்த துணித்துண்டுகளை நான் எண்ணினேன். நாற்பத்தோராவது வெள்ளையாக வந்தது. வெறும் துவக்கில் விசையை இழுக்கவே கூடாது என்று அடிக்கடி சொல்வார். இந்த வகையில் ஊசி தோட்டாவின் நடுவில் குத்தாது, விளிம்பில் குத்தும். தோட்டா இல்லாவிட்டால் அது அறையின் விளிம்பைக் குத்திக் கெடுத்துவிடும்.

கடைசியாக, பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளுகிற தண்டை, போல்ட்டை, அக்கக்காகக் கழற்றிக் கழுவினார். அவர் கை நடுங்கும். ஊசியையும் ஸ்பிரிங்கையும் உள்ளே வைத்துப் பூட்ட ஒன்றே கால் மணித்தியாலம் எடுத்தது. பூட்டிய களைப்பில், போல்ட்டைப் பத்திரிகைத்தாளில் வைத்துவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போனார்.

நான் அதைக் கையில் எடுத்தேன். இழுத்துப் பார்த்தேன். காய்ந்த தண்டு, உள்ளே கிறீச்சென்றது. பாவம், எண்ணெய் விட மறந்துபோனார் என்று நினைத்தேன். அவருடைய எண்ணெய் டப்பா அலுமாரிக்குள் பூட்டியிருந்தது. என் அறையில் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் இருந்தது. எங்கள் வீட்டில் சைக்கிள் சங்கிலிக்கும் தையல் மெசினுக்கும் கேற் பிணைச்சலுக்கும் அதுதான். காதுக்கு மருந்து விடுகிற சொட்டுக்குழாயால் பின்பக்க ஓட்டைக்குள் ஒன்பது துளி விட்டேன். அன்றைக்கு இருபத்தாறு பாகை. தண்டு வெண்ணெயில் கத்தி போல ஓடியது.

எழும்பி வந்து இழுத்துப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

"பார்த்தீர்களா, புரொபெசோரே? என் கை இன்னும் சாகவில்லை."

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. சட்டத்தை மீறினதைச் சொல்லவும் பயம்.

நத்தாருக்கு வடக்கிலிருந்து மகள் வந்தா. தனியாக இருக்கிற கிழவருக்குத் துவக்கு எதற்கு, குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், ஒப்படைத்துவிடுங்கள் என்று மூன்று நாள் வாதாடினா. கடைசியில் இருவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். சுடுகளத்தில், பொறுப்பாளர் முன்னால், பத்துத் தோட்டாவைப் பிழையில்லாமல் சுட்டால் துவக்கு வீட்டில் இருக்கும். இல்லாவிட்டால் அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். இலக்கில் பட வேண்டியதில்லை. ஒழுங்காகச் சுட்டால் போதும்.

அதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை. எண்ணுகிற வேலை எனக்கு. சுடுபவர் நிற்கும் கோட்டுக்குப் பின்னால், காதை மூடி நின்றேன்.

முதல் தோட்டா. விசையை இழுத்தார். சின்னதாக ஒரு "டிக்". வெடிக்கவில்லை. சில வேளை தோட்டா பிந்தி வெடிக்கும். அதனால் குழலை இலக்கிலிருந்து எடுக்காமல் அறுபது எண்ண வேண்டும். நான் தமிழில் எண்ணினேன்.

பொறுப்பாளர், மீசைக்காரர், கேட்டார்: "உங்கள் மொழியில் அறுபது இவ்வளவு நீளமா? நான் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்திருக்கலாம்."

தோட்டாவை வெளியே எடுத்தார்கள். விளிம்பில் நகம் பட்டது போல மெல்லிய அடையாளம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நாலாவது வெடித்தது. சிஞ்ஞோர் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஐந்தாவது "டிக்". ஆறாவதுக்கும் அறுபது எண்ணி முடித்தபோது பொறுப்பாளர் கையை உயர்த்தினார்.

"போதும். இது இன்றைக்குச் சுடாது. யார் கழுவிப் பூட்டினது?"

"நான்தான்," என்றார் சிஞ்ஞோர்.

பொறுப்பாளர் போல்ட்டை உருவி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பழைய கிறீஸ் போல. வயதில் யார் மூத்தவர், நீங்களா துவக்கா?"

அது கிறீஸ் இல்லை. பின்பக்க ஓட்டையைச் சுற்றி உறைந்த நெய் போல வெள்ளையாக ஒரு வளையம். ஐந்து குளிர்காலமாக, ஒவ்வொரு காலையும் என் எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கித்தான் தலைக்கு வைக்கிறேன். அந்தப் போத்தலையும் இந்தப் போல்ட்டையும் மூன்று மாதமாக நான் சேர்த்து நினைக்கவேயில்லை. உறைந்த எண்ணெய்க்குள் ஊசி எப்படி ஓடும்?

வாய் திறந்தேன். பெர்மெசோ, இந்த நாட்டில் இருக்க எனக்குத் தந்த அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்த நாள் நினைவுக்கு வந்தது. சிஞ்ஞோரின் கையெழுத்தோடு கடதாசி இன்னும் குவெஸ்தூராவில் கிடந்தது. பத்திரமில்லாத வெளிநாட்டுக்காரன் துவக்கைத் தொட்டான் என்று அந்த மீசைக்காரர் முன்னால் எப்படிச் சொல்வது?

சிஞ்ஞோர் துவக்கைப் பெட்டியில் பூட்டிக் காரின் பின்னால் வைத்தார். போல்ட்டைத் தனியாகக் கைலேஞ்சியில் சுற்றித் தன் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டார். நாற்பது நிமிட ஓட்டம். வீட்டில் குசினி மேசையில் அதை எடுத்து இழுத்தார். மார்புச் சூட்டில் எல்லாம் உருகியிருந்தது. தண்டு வழுக்கிக்கொண்டு ஓடியது.

மறுபடி இழுத்தார். மறுபடி. பிறகு மேசையில் வைத்தார்.

"கோளாறு இதில் இல்லை. நான் தண்டைச் சரியாக மூடவில்லை. ஐந்து தரம். என் கைக்குத் தெரியவேயில்லை." கைலேஞ்சியை மணந்து பார்த்தார். "இதிலும் உங்கள் தலை மணக்கிறது, புரொபெசோரே. வீடு முழுக்க உங்கள் தலைதான்."

"சிஞ்ஞோரே..."

"என்ன?"

"சூப்பைச் சூடாக்கட்டோ?"

வியாழக்கிழமை எனக்கு லீவு. பல்லரோச் சந்தையில் தமிழ்க் கடை வாசலில் மன்னார்க்காரத் தம்பி ஒருவரிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவரும் வீட்டுவேலைதான், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? துவக்குக்கு ஆரும் தலைக்கு வைக்கிற எண்ணெய் விடுவினமோ?"

"ஓம், நான் விட்டனான். இப்ப என்ன செய்ய?"

"பெர்மெசோ கைக்கு வரட்டும். வந்தாப் பிறகு கதையுங்கோ."

"துவக்கைக் குடுத்திடுவார், தம்பி."

"குடுக்கட்டும். அது இரும்பு. நீங்கள் பிள்ளையளுக்குக் காசு அனுப்புற ஆள்." பிறகு கொஞ்சம் சிரித்தார். "எனக்குச் சொன்னதோட பாவசங்கீர்த்தனம் முடிஞ்சுது எண்டு நினையாதேங்கோ. நான் சுவாமியார் இல்லை."

நான் காத்திருந்தேன். அடுத்த திங்கட்கிழமை சிஞ்ஞோர் மேல்கோட்டும் தொப்பியும் போட்டு, துவக்கைக் குவெஸ்தூராவுக்குக் கொண்டுபோனார். நான் பூசிய ஏழு பூச்சும் பெட்டிக்குள் மினுங்கியது. அதை உருக்கிவிடுவார்களாம். என் பெர்மெசோ புதன்கிழமை கிடைத்தது. இடையில் இரண்டு நாள்.

பெர்மெசோ கையில் இருந்தபோது சொல்லியிருக்கலாம். துவக்கு திரும்பி வராது, அவர் கை திரும்பி வந்திருக்கும். மார்ச்சில் அவர் கார்ச் சாவியைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார். துவக்கை மூடத் தெரியாத கை பிரேக்கை நம்பலாமா என்று கேட்டார். அப்போதும் நான் சொல்லவில்லை. பிறகு பாண் வெட்டும் கத்தியை என்னிடம் தந்தார். பிறகு சவரம் செய்யும் அலகை. காலையில் அவர் தாடையில் நுரை பூசி நான் வழித்துவிடும்போது, "உங்கள் கை உறுதியானது, புரொபெசோரே," என்பார். மூன்று வருடம் எட்டு மாதம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், சாகும்வரை.

எனக்கு ஆன செலவைப் பலமுறை கணக்குப் பார்த்திருக்கிறேன். கால் லீற்றர்ப் போத்தல், பல்லரோவில் வாங்கியது, 4,500 லீரா. ஒரு மில்லிலீற்றருக்கு இருபது துளி, போத்தலில் ஐயாயிரம் துளி. நான் விட்டது ஒன்பது.

எட்டு லீரா பத்துச் சதம்.