நாலு ககரமும் ஒரு கடிதமும்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு வீட்டில் ஒரு உளவு வேலை கிடைத்தது. கொடுத்தவள் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவள். ஆனால் உத்தமபாளையத்தில் எங்கள் வீடு அவள் சொல்லைக் கேட்டுத்தான் நடந்தது.

விஷயம் இதுதான். பட்டாளத்தில் இருந்த சித்தப்பா கல்கத்தாப் பக்கம் வேலை பார்த்தபோது அங்கேயே ஒரு வங்காளப் பெண்ணைக் கல்யாணம் முடித்து, ஒரு நாள் காலை அவளோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். அன்றைக்கு வீட்டில் நடந்த கூத்தை விடுங்கள். லீவு முடிந்ததும் அவர் எல்லைப் பக்கம் போய்விட்டார். அங்கே குடும்பம் வைக்க இடம் இல்லையாம். சித்தி எங்களோடு தங்கினாள். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது இந்தியில். எங்களோடு பேச அவளிடம் இருந்தவை சோறு, தண்ணி, போதும் என்று ஒரு பத்துச் சொல். அதில் 'போதும்' என்பதைத்தான் அதிகம் சொன்னாள்.

ஆனால் வாரம் தவறாமல் ஊருக்குக் கடிதம் எழுதினாள். நுணுக்கி நுணுக்கி, ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதுவாள். அத்தைக்கு அதுதான் பெரிய கவலை.

"நம்மளப் பத்தி என்னத்தத்தான் எழுதுறாளோ. அண்ணன்மாருக வந்து கூட்டிட்டுப் போயிட்டாகன்னா தம்பிக்கு நான் என்ன பதில் சொல்ல? நீ அவகிட்ட அந்த எழுத்தப் படிச்சுக்க ஆத்தா. எழுத்து தெரிஞ்சா காயிதத்த வாசிச்சிரலாம்ல" என்றாள்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. தமிழில் அப்படித்தானே நடந்தது? ஆனா ஆவன்னா படித்தேன், உடனே பஸ் போர்டையெல்லாம் வாசித்தேன். வேலை முடிந்தால் வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் சுற்றலாம் என்று பேச்சு. சிலேட்டை எடுத்துக்கொண்டு போய் சித்தி முன்னால் உட்கார்ந்து, அவள் எழுதிக்கொண்டிருந்த தாளைக் காட்டி, என்னையும் காட்டினேன். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன். உளவாளிக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அந்த எழுத்து என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முதல் எழுத்தே குளறுபடி. அகரம் என்று நான் நினைத்ததை அவள் ஒகரம் மாதிரி வாயைக் குவித்துச் சொன்னாள். அதைத் தாண்டினால் நாலு ககரம். ஒரே ககரத்தை வைத்துக்கொண்டு நாம் காக்காயும் கம்பமும் கங்கையும் எழுதவில்லையா, இவர்களுக்கு எதற்கு நாலு? இன்னொரு பக்கம் மூன்று எழுத்து, மூன்றுக்கும் ஒரே 'ஷ'. அப்படியானால் மூன்று எதற்கு? கேட்கலாம் என்றால் கேட்கப் பாஷை இல்லை. எல்லா எழுத்தும் துணிக்கொடியில் காயப்போட்டதுபோல மேலே ஒரு கோட்டில் தொங்கும். இரண்டு எழுத்து சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும். அதற்கு ஆத்தா ஜாடையும் இருக்காது, அப்பன் ஜாடையும் இருக்காது. எனக்குத் தலை சுற்றும். சித்தி அலுக்கவே மாட்டாள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படம் போடுவாள். மகரத்துக்கு மீன். அந்த மீனை மட்டும் கண், செதில், வால் என்று ரொம்ப நேரம் வரைந்தாள்.

மூன்று மாதம் போனது. ஒரு நாள் சித்தி கடிதத்தை எழுதி, ஒட்டாமல் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அத்தை அதை எடுத்துக்கொண்டு வந்தாள். அடுப்படியில் அத்தை, அப்பா, அம்மா மூவரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். "தா... தா. ஆ... மா... கே... நியே... ஜாவோ." அத்தையின் முகம் பூரித்துப்போனது. தாதா என்றால் அண்ணன், அது எனக்குத் தெரியும். அடுத்த வார்த்தைகள் அந்தத் தாளில் மூன்று இடத்தில் வந்தன. வங்கியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கூட வேலை பார்த்த ஒரு வங்காளப் பெண்ணிடம் அவற்றைச் சொல்லிக் கேட்டேன். 'என்னைக் கூட்டிக்கொண்டு போ' என்று அர்த்தமாம்.

"சரி, என்ன சொல்றா?" என்றாள் அத்தை.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எழுத்து முழுக்கத் தெரிகிறது, ஒரு மண்ணும் புரியவில்லை. இது எப்படி நடக்கும் என்று திகைத்துப்போனேன். வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவளுக்குத் தெரியாது என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "சித்தி நல்லா இருக்காகளாம். அத்தை அம்புட்டுப் பிரியமா இருக்காகளாம். மீனு மட்டும்தான் தேடுதாம்" என்றேன்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடிதம் தலையணைக்கு அடியில் திரும்பப் போனது. சித்தி வந்து அதை ஒட்டி என்னிடமே தந்தாள். நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். மறுநாள் அப்பா வைகை அணைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பெரிய ரோகு மீன் ஒன்று வாங்கி வந்தார். அதன்பிறகு வாராவாரம் மீன்தான். அத்தையே உட்கார்ந்து செதில் உரசினாள், நடுத்துண்டு சித்திக்கு என்றாள். வீடு முழுக்கக் கவிச்சியும் சந்தோஷமும். நான் சொன்ன கடிதத்தை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

ஒரு மாதத்தில் சித்தியின் அண்ணன் வந்து நின்றார். எங்களுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அவருக்கும் மீன் சமைத்துப் போட்டோம். கிளம்பும்போது சித்தி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகிறவள் எதற்கு அழுகிறாள், அழுகிறவள் எதற்குப் போகிறாள் என்று நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். பட்டாளத்தை விட்டதும் சித்தப்பாவும் அவள் ஊருக்கே போய்த் தங்கிவிட்டார். "நல்லாத்தானே எழுதியிருந்தா" என்று அத்தை சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.

பொய் சொன்னது தப்பு என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். தெரியாமல்போனது வேறு. அன்றைக்கு அடுப்படியில் நான் 'புரியவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அத்தை வேறு வழியில்லாமல் சித்தியிடமே போய்க் கேட்டிருப்பாள். அவள் எங்களோடு இருந்த அத்தனை மாதத்தில் எங்களில் யாரும் அதைச் செய்ததே இல்லை.