தொங்கட்டும் கம்பி

கட்டுமானப் பகுப்பாய்வு பாடத்தில் இரண்டு முறை அரியர் வைத்தவள் நான். ஆனாலும் சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கு நான்தான் என்ஜினியர். ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சீரியல் விளக்குத் தட்டிகளை வரிசையாகத் தொங்கவிட, எங்கள் மாடிக் கைப்பிடிச்சுவருக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் குறுக்கே அண்ணன் இரும்புக் கம்பி கட்டினான். தட்டிகளை மாட்டியதும் நடுவில் மூன்றடி தொய்ந்தது. கீழே நின்றவர்கள் துணி காயப்போடவா என்று கேலி செய்ய, அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய்க்கொழுப்பு, தொய்ந்தால் அறுந்துவிடும், நன்றாக முடுக்கு என்றேன். கம்பி முனையில் இருந்த இரும்புத் திருகை முடுக்க முடுக்கக் கம்பி நிமிர்ந்தது. அரையடித் தொய்வுதான் மிச்சம். தெருவே மெச்சியது.

மறுநாள் தபசு. மத்தியானம் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தேன். தொங்குபாலக் கம்பிக் கணக்கு. புத்தகத்து எண்கள் சலித்துப்போய் எங்கள் தெருவைப் போட்டுப் பார்த்தேன். அகலம் முப்பதடி, தட்டிகள் நூறு கிலோ. மூன்றடி தொய்ந்தால் கம்பி சுவரை இழுப்பது நூற்றிருபத்தைந்து கிலோ. அரையடிதான் தொய்வென்றால் எழுநூற்றைம்பது. பெருக்கலில் தப்பு என்று மூன்று தடவை போட்டேன். பாழாய்ப்போன எண் மாறவேயில்லை.

எங்கள் கைப்பிடிச்சுவர் ஒற்றைச் செங்கல். தபசுக்குப் போகிற கூட்டத்தைப் பார்க்க அம்மா அதில் சாய்ந்துதான் நிற்பாள். கூட்டம் சுவருக்கு நேர் கீழே போகும்.

மாடிக்கு ஓடினேன். அம்மா இரண்டு முழங்கைகளையும் சுவரில் ஊன்றி நின்றாள். கத்தினால் திடுக்கிட்டுச் சாய்ந்துவிடுவாளோ என்று பயந்து, மெல்லப் போய்க் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். கம்பி சுவரையே பெயர்த்துவிடும் என்றேன். பக்கத்தில் நின்ற அண்ணன் சிரித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றான்.

"ஏட்டி, நேத்து நீதான முடுக்கச் சொன்ன?"

"நாந்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். கீழ ஆளுகள விலகச் சொல்லிட்டு, மெதுவாத் தளத்துண்ணே."

சுவரும் தளமும் சேருமிடத்தில் குனிந்து பார்த்தேன். நீளமாக ஒரு விரிசல். பழையதாக இருக்க வேண்டுமே தாயே என்று வேண்டிக்கொண்டு கட்டைவிரல் நகத்தை உள்ளே விட்டேன். நகம் முழுக்க நுழைந்தது.

அண்ணன் தெருவை விலக்கிவிட்டு வந்து திருகைத் தளர்த்தினான். கம்பி இறங்க இறங்க, அந்த விரிசல் மெல்ல மூடி என் நகத்தைக் கவ்வியது. அண்ணனும் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"காலையிலேர்ந்து இதுலதான சாஞ்சிட்டு நிக்கேன்" என்றாள் அம்மா.

கீழிருந்து யாரோ, என்ஜினியர் வீட்டுக் கம்பி தொங்குது என்று குரல் கொடுத்தார்கள். தொங்கட்டும் என்றேன். அம்மாவின் கையை நான் இன்னும் விடவில்லை.