மாந்தோஸுக்குக் கிடைக்காத வசவு

கிரீஸில் பெரமா ஊரின் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் மாந்தோஸைத் தெரியாதவர் கிடையாது. இருபத்தாறு வருஷமாக வெல்டிங் வேலை. இடது புருவத்தில் பாதி தீப்பொறி பட்டுக் கருகியது, திரும்ப முளைக்கவே இல்லை. அவனுடைய சிநேகிதன் சராந்திஸும் வெல்டர்தான். கட்டாய ராணுவ சேவையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்த நாளிலிருந்து இருவரும் பிரிந்ததில்லை.

சராந்திஸ் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ரே மலாகா" என்பான். ரே என்பது டேய். மலாகா என்றால், பெண்துணைக்கு வழியில்லாமல் தன் கையையே நம்பி இருப்பவன். அதிலிருந்து முட்டாள், உருப்படாதவன் என்றெல்லாம் பொருள் கிளைத்துவிட்டது. முன்பின் தெரியாதவனிடம் சொன்னால் சட்டையைப் பிடிப்பான். சிநேகிதனிடம் சொன்னால் மாப்ளே என்கிற மாதிரி. மாந்தோஸின் அப்பா செத்தபோது சவப்பெட்டி அருகே அவன் தோளை அணைத்துக்கொண்டு சராந்திஸ் சொன்னதும் அந்த ஒரு வார்த்தைதான்.

ஒரு மார்ச் மாதம் மாந்தோஸை மேஸ்திரி ஆக்கினார்கள். மறுநாள் காலை சராந்திஸ் வந்து நின்றான்.

"வணக்கம், மாந்தோஸ் ஐயா. இன்னிக்கு நாங்க எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுங்க."

கிண்டல் என்று நினைத்து மாந்தோஸ் சிரித்தான். சராந்திஸ் சிரிக்கவில்லை. அடுத்த நாளும் ஐயா. அடுத்த வாரமும் நீங்க.

அந்த வாரம்தான் ரோட்ஸ் தீவிலிருந்து த்சம்பிகோஸ் வேலைக்கு வந்தான். நாற்பது வயது, ஒடிசலான ஆள், எதற்கும் கோபப்படாதவன். அவனைச் சராந்திஸோடு ஜோடி சேர்த்தார்கள். மூன்றாம் நாளே மேல்தளத்திலிருந்து சராந்திஸ், "ரே மலாகா, அந்தக் கயித்த விடுடா" என்று கத்தியது மாந்தோஸின் காதில் விழுந்தது. கீழே நின்ற த்சம்பிகோஸ் பதிலுக்கு ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். ரோட்டில் எவனாவது கார்க்காரனிடம் அப்படிக் காட்டினால் இறங்கி அடிக்க வருவான். சராந்திஸோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மாந்தோஸுக்கு வயிறு எரிந்தது. மேஸ்திரி அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, தனியாகப் பருப்பு சூப்பைக் குடித்தபடி, வெளியே நிழலில் மத்தி மீன் தின்னும் அந்த இருவரின் பேச்சை ஒட்டுக் கேட்டான். ஒவ்வொரு மலாகாவும் தன் பையிலிருந்து உருவி த்சம்பிகோஸுக்குக் கொடுக்கப்பட்டது போல இருந்தது. காபிக்கடையில் இருவரும் பகடை உருட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் துணிந்து பக்கத்தில் போனான். "ரே மலாகா, எனக்கும் ஒரு ஆட்டம் போடு" என்று தானே ஆரம்பித்தான். சராந்திஸ் எழுந்து நாற்காலியை அவனுக்கு நகர்த்திவிட்டு, தனக்கு வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டான்.

மாந்தோஸின் மனைவி எவ்தோகியாவுக்கு இது பிடிபடவே இல்லை.

"ஊர்ல பொம்பளைங்க புருஷன் எவளைப் பார்க்கிறானோன்னு பயப்படுறாங்க. எனக்கு வாய்ச்சது, ஒருத்தன் திட்ட மாட்டேங்கிறான்னு சாப்பாடு இறங்காம உக்காந்திருக்கு."

ஜூலையில் ஒரு சரக்குக் கப்பலின் அடித்தொட்டியில் துரு சுரண்ட வேண்டியிருந்தது. குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே அடுப்புக்குள் இருப்பது போலக் கொதிக்கும். அதனால் ஆளை மாற்றி மாற்றி அனுப்புவது வழக்கம். மாந்தோஸ் நாலு நாளுக்கும் த்சம்பிகோஸ் பேரையே எழுதினான். எழுதும்போது கொஞ்சமும் தயங்கவில்லை. பிற்பாடு அவனை அதிகம் உறுத்தியது அதுதான்.

மூன்றாம் நாள் மதியம் த்சம்பிகோஸ் உள்ளேயே மயங்கி விழுந்தான். சராந்திஸ்தான் தவழ்ந்து போய் இழுத்து வந்தான். ஆம்புலன்ஸ் போனதும் நேரே மேஸ்திரி அறைக்கு வந்து, சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தான். திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"மாந்தோஸ் ஐயா, நீங்க ஒரு மலாகா."

நாலு மாதமாக ஏங்கிய வார்த்தை. ரே இல்லாமல், நீங்க போட்டு, தெருவில் போகிற எவனுக்கோ சொல்வது போல வந்தது.

மறுநாள் சாயங்காலம் மாந்தோஸ் ஒரு தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவில் த்சம்பிகோஸின் வாடகை அறைக்குப் போனான். வீடு திரும்பியிருந்த த்சம்பிகோஸ் கட்டிலில் சாய்ந்திருந்தான். மாந்தோஸ் உட்காராமலே சொன்னான்.

"வேணும்னேதான் உன் பேரை எழுதினேன். அவன் உன்னை அப்படிக் கூப்பிடுறது எனக்குப் பொறுக்கல."

த்சம்பிகோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அதுக்காகவா? நான் செத்திருப்பேன்." பிறகு, "என் பேரு இங்க எவன் வாயிலயும் நுழையல. அதான் அப்படிக் கூப்பிடுறான். மேஸ்திரி வேலைக்கு அவனும் எழுதிப் போட்டிருந்தானே, உங்களுக்குத் தெரியாதா? உங்களைப் பார்த்தா நீன்னு சொல்ல நாக்கு வரலன்னு எங்கிட்டச் சொன்னான்."

மாந்தோஸுக்குத் தெரியாது. மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் உறைத்தது. தான் இங்கே வெந்துகொண்டிருந்த அத்தனை நாளும் சராந்திஸும் அங்கே வெந்திருக்கிறான்.

மறுநாள் என்ஜினியரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னான். மேஸ்திரி வேலையைப் பிடுங்கிக்கொண்டு பழையபடி வெல்டிங்குக்கு அனுப்பினார்கள். அந்த இடம் சராந்திஸுக்கும் கிடைக்கவில்லை. வேறு துறையிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து போட்டார்கள். எவ்தோகியா இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை.

சராந்திஸ் ஆகஸ்ட் பாதியில் வரும் மாதா திருநாள் கழியும்வரை பேசவில்லை. பிறகு ஒருநாள் சாரத்தின் மேல் நின்றபடி, முகத்தைப் பார்க்காமலே, "அந்தக் கம்பியக் குடு" என்றான். மாந்தோஸ் கொடுத்தான். வசவு எதுவும் வரவில்லை. பகல் முழுக்க மாந்தோஸ் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தான். பக்கத்துச் சாரத்தில் த்சம்பிகோஸுக்கு அது தாராளமாக விழுந்துகொண்டிருந்தது; மாந்தோஸுக்கு இன்னும் வயிறு எரிந்தது.

அக்டோபரில் த்சம்பிகோஸ் ஊர் திரும்பினான். அவனுடைய பழைய ஃப்ரிட்ஜை இரண்டு பேருமாகப் பிடித்துப் படகில் ஏற்றினார்கள். படகு கிளம்பியதும் சராந்திஸ் துறைமுக வாசலில் குச்சியில் குத்திச் சுட்ட கறி சுவ்லாக்கி இரண்டு வாங்கி, ஒன்றை, ரேயும் இல்லாமல் ஐயாவும் இல்லாமல், மாந்தோஸிடம் நீட்டினான். பஸ் வரும்வரை நின்றுகொண்டே தின்றார்கள்.