பதின்மூன்றாவது பார்சல்

பாரிஸின் லா சப்பலில் தமிழர் யாரிடமாவது பயணம் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தது. எதற்குப் போகிறாய், எத்தனை நாள் என்றெல்லாம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். "காரிலையோ?" என்று மட்டும் கேட்பார்கள். ஓம் என்று சொன்னால் மறுநாள் ஒரு பார்சல் வரும்.

குலசேகரம் காரில் மட்டும் போகவில்லை. காருக்குப் பின்னால் ஒரு கரவனையும் கொழுவி, பாரிஸிலிருந்து ஒஸ்லோ வரைக்கும் இழுத்துக்கொண்டு போகப்போகிறார். சக்கரம் பூட்டிய சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, மேசை, மேசையைச் சுற்றி இருக்கைகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை றொனால்டின் பலசரக்குக் கடையில் இந்தச் செய்தி வெளியே வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஏழு பார்சல் சேர்ந்துவிட்டது.

"சின்னப் பார்சல்தான் அண்ணை," என்று பூரணி கொண்டுவந்ததை இரண்டு கையாலும் தூக்கவேண்டியிருந்தது. "கொஞ்ச மிளகாய்த்தூள், கொஞ்சம் மாசிக்கருவாடு, மருமகளுக்கு ரண்டு சீலை. டென்மார்க்கிலை ரோட்டுக்குக் கிட்டத்தான் வீடு."

"அதுக்கென்ன, தாங்கோ," என்றார் குலசேகரம்.

இந்த மனிதருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. முப்பத்தொரு வருடம் கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துப் பக்கத்து உணவகம் ஒன்றின் சமையலறையில் நின்றவர். முதலில் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, கடைசியில் அடுப்படிக்கு வந்து சேர்ந்தவர். அங்கேயும் யாருக்காவது லீவு வேண்டுமென்றால் இவரைத்தான் பிடிப்பார்கள். கல்யாண விஷயத்திலும் இதே கதைதான். இரண்டு அக்காமாரைக் கரைசேர்த்தார், தங்கச்சி தர்மிளாவைக் கூப்பிட்டெடுத்து நோர்வே மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்தார், எல்லாம் முடிந்து தன்னைத் திரும்பிப் பார்த்தபோது வயது நாற்பத்தெட்டு. தரகர் ஒருவர் போட்டோ வாங்கிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். இந்த ஜனவரியில் ஓய்வு பெற்றபோது உணவகத்தில் ஒரு கேக் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அவருடைய ஆறாம் மாடி அறைக் கதவைத் தட்டியது மின்மானி வாசிப்பு எடுக்க வந்தவன் மட்டுமே.

கரவன் வாங்கிய காரணத்தை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. நாடு சுற்றிப் பார்க்க என்றுதான் றொனால்டிடமும் சொன்னார். உண்மை வேறு. இரண்டு வருடத்துக்கு முன் விமானத்தில் ஒஸ்லோ போய்த் தங்கச்சி வீட்டில் நின்றார். தர்மிளா தன் மகள் யசோதினியின் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தாள். பதினாறு வயதுப் பெண் சோபாவில் படுத்தாள். சுவரெல்லாம் அந்தப் பிள்ளையின் படங்கள். மேசையில் அவளுடைய நகப்பூச்சுக் குப்பிகள். எதிலும் கை படாமல் குலசேகரம் கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தார். மூன்றாம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது குசினிக்குள் பேச்சுக் கேட்டது. பிள்ளை நோர்வேமொழியில் ஏதோ முறையிட்டாள். அது அவருக்கு விளங்கவில்லை. தர்மிளா தமிழில் சொன்ன பதில் விளங்கியது.

"இன்னும் நாலு நாள்தானே, பொறு."

கோபம் வரவில்லை. பிள்ளை கேட்டது நியாயம், தாய் சொன்னதும் நியாயம். ஆனால் அப்போதே முடிவெடுத்துவிட்டார்: இனிப் போனால் கட்டில் கேட்காத விருந்தாளியாகத்தான் போகவேண்டும். வாசலில் தன் வீட்டை நிறுத்தி, தன் கட்டிலில் படுத்தெழும்பி, கூப்பிட்டால் உள்ளே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். அப்படியென்றால் ஒரு மாதம் நின்றாலும் யாருக்கும் பாரமில்லை. நாள் எண்ணுகிற வேலையும் யாருக்கும் இருக்காது.

கரவனை விற்றவர் ஜெர்மேன். பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் வீடு, எழுபது தாண்டிய பிரெஞ்சுக்காரர், குழாய் வேலை பார்த்து ஓய்ந்தவர். முழங்கால் இரண்டும் போனதால் விற்றார். லா சப்பலில் நிறுத்த இடமில்லை என்பதால் அதையும் காரையும் அவருடைய வீட்டு வளவிலேயே நிற்கவிட்டார். வாரத்தில் மூன்று நாள் குலசேகரம் சென் லசாரில் ரயிலேறி அங்கே போனார். கரவன் வேலைகள் ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கென்றே செய்யப்பட்டவை என்பது அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. காரைப் பின்னுக்கு எடுத்துக் கொக்கியோடு பொருத்த, பின்னால் ஒருவர் நின்று கை காட்டவேண்டும். இவர் ஒரு சிவப்பு வாளியைக் கவிழ்த்து வைத்து, ஓர் அடி ஓட்டி, இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி ஓர் அடி ஓட்டினார். பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஒருவர் மிதிக்க ஒருவர் பார்க்கவேண்டும். இவர் கூட்டுகிற தும்புத்தடியால் பிரேக்குக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தார். எரிந்தது. எரியுது என்று சொல்லத்தான் ஆளில்லை.

ஜெர்மேன் சில நாள் ஜன்னலைத் திறந்து கேட்பார், "பாதையில் உனக்கு வரைபடம் பார்த்துச் சொல்லப்போவது யார்?"

"போன் சொல்லும்," என்பார் குலசேகரம்.

"போன் சாண்ட்விச் பிரித்துத் தராது," என்று சொல்லி ஜெர்மேன் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

பயணத்துக்கு முன் வாகனத்துக்கு ஒரு அர்ச்சனை செய்யவேண்டுமே என்று பஜோல் தெருப் பிள்ளையாரிடமும் போய்வந்தார். வாகனத்தைக் கோயிலடிக்குக் கொண்டுவாருங்கோ என்றார் ஐயர். எத்தனை மீற்றர் என்று கேட்டு, நீளத்தைத் தெரிந்துகொண்டதும், வேண்டாம், திருநீறும் தேசிக்காயும் கொண்டுபோங்கோ என்று அனுப்பிவிட்டார். சக்கரங்களுக்குக் கீழே வைக்க, காருக்கு நாலு, கரவனுக்கு இரண்டு என்று ஆறு தேசிக்காய் ஐஸ்பெட்டிக்குள் காத்திருந்தது.

பார்சல்கள் பன்னிரண்டானபோதுதான் ஜெர்மேன் குளியலறையிலிருந்து நிறை பார்க்கும் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரவனின் முன்மூக்கு காரின் கொக்கியில் எத்தனை கிலோ அழுத்துகிறது என்று அளக்கவேண்டுமாம். மூக்கின் கீழே ஒரு மரக்கட்டை, கட்டையின் கீழே தராசு. முள் பதினெட்டில் நின்றது.

ஜெர்மேன் தலையை ஆட்டினார். "ஐம்பதுக்கு மேலே வேண்டும். பின்பக்கம் பாரம் கூடிவிட்டது. நெடுஞ்சாலையில் ஒரு லொறி உன்னைத் தாண்டிப் போனால் இது வால் ஆட்டும். பிறகு காரையும் சேர்த்துப் புரட்டும். உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறாய்?"

ஜெர்மேன் கதவைத் திறந்து பார்த்தார். மிளகாய்த்தூளும் மாசியும் சீலையும் கல்யாண ஆல்பங்களும், யாரோ ஒருவரின் இடியப்ப உரலும், பன்னிரண்டு பார்சலும் பின்கட்டிலுக்குக் கீழேயும் மேலேயும் கூரை முட்ட அடுக்கியிருந்தன. முன்பக்கம் மேசையும் இருக்கைகளும் துடைத்து வைத்தாற்போல வெறுமையாக இருந்தன. மேசையில் ஒரு புது விரிப்பு. சுவர்க்கொழுக்கியில் ஆறு கோப்பைகள்.

"பாதியை முன்னுக்கு வை. பத்து நிமிட வேலை," என்றார் ஜெர்மேன்.

"முன்னுக்கு வைக்க ஏலாது."

"ஏன்?"

"ஆட்கள் வந்தால் எங்கே இருக்கிறது?"

ஜெர்மேனுக்கு இது பிடிபடவில்லை. ஓடுகிற வண்டிக்குள் எந்த ஆட்கள் என்று கேட்டார். குலசேகரம் மேசை விரிப்பின் சுருக்கை நீவிவிட்டார். ஒஸ்லோவில், தங்கச்சி வீட்டு வாசலில், தர்மிளாவும் புருஷனும் பிள்ளையும் ஒரு பின்னேரம் இந்த இருக்கைகளில் வந்து உட்காருவார்கள். அவர் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார். தன் வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள், தான் ஊற்றிக் கொடுக்கிறார். அறுபத்து மூன்று வயதில் அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர்களை ஊரார் பார்சலுக்கு மேல் இருத்த முடியுமா? பாதை முழுக்க அடுக்கிக் குலைத்துக்கொண்டிருக்கவும் அவருக்கு மனமில்லை. வாசலில் போய் நின்றதும் வீடு வீடாகவே இருக்கவேண்டும்.

யசோதினிக்கென்று ஒரு பொட்டலம் தனியாக இருந்தது: ஜன்னலைச் சுற்றித் தொங்கவிடும் சின்ன விளக்குச் சரம். விருப்பமென்றால் சிநேகிதிகளோடு இந்தக் கரவனில் வந்து இருக்கட்டும். ஒரு கிழமை அவளுடைய அறையை எடுத்தவர் அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி. தர்மிளாவுக்குப் பனங்கிழங்கு ஒடியல் மா, அவர் கையாலேயே வறுத்து இடித்த சரக்குத்தூள், றொனால்ட் தேடிப் பிடித்துக் கொடுத்த, கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல். இவையெல்லாம் பார்சலில்லை. அவருடைய அலமாரியில் அவருடைய சாமானோடு சாமானாக இருந்தன.

"சனிக்கிழமைக்கு முன் மாற்று," என்று சொல்லிவிட்டு ஜெர்மேன் தராசை அங்கேயே விட்டுப் போனார்.

வியாழக்கிழமை பின்னேரம், கரவன் படியில் உட்கார்ந்து காரின் பக்கக் கண்ணாடிக்கான நீட்சித் துண்டைக் கோத்துக்கொண்டிருந்தபோது தர்மிளாவின் அழைப்பு வந்தது.

"அண்ணை, எல்லாம் அடுக்கிப் போட்டியளோ?"

"ஓம் பிள்ளை. சனி விடிய வெளிக்கிடுறன். அஞ்சாம் நாள் உங்கை நிப்பன்."

"அதுதான் அண்ணை ஒரு விசயம். இஞ்சை எங்கடை பார்க்கிங்கிலை கரவன் விடேலாது. இந்த வீடுகளுக்கு ஒரு சங்கம் இருக்கு, அவையின்ரை சட்டம். நானும் இவரும் கதைச்சு, கரவன் விடுற ஒரு காம்பிங் பாத்து வைச்சிருக்கிறம். இஞ்சையிருந்து இருபத்திரண்டு கிலோமீற்றர். நல்ல இடம், சுடுதண்ணி, கரண்ட் எல்லாம் இருக்கு. ஐஞ்சு நாளைக்குப் பதிஞ்சாச்சு."

"ஐஞ்சு நாளோ?"

"காணும்தானே அண்ணை? பிறகு நீங்கள் மற்ற இடமெல்லாம் பாக்கோணும். ஞாயிறு நாங்கள் வந்து பாப்பம். உங்களுக்கும் அங்கைதான் சுகம், ஆரின்ரை கரைச்சலும் இல்லை."

"ஓம் ஓம். அது நல்லம்," என்றார் குலசேகரம்.

போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தர்மிளா வீட்டுத் தெரு அவருக்குத் தெரியாத தெருவில்லை. ஆறு மாதமாக ஆறாம் மாடியில் படுத்தபடி போனின் வரைபடம் காட்டும் தெருப் படங்களுக்குள் அந்தத் தெருவில் எத்தனை தரம் போய்வந்திருக்கிறார். எங்கே திரும்பவேண்டும், எந்த மரத்தடியில் ஒதுக்கலாம் என்பதெல்லாம் பாடம். தர்மிளா வீட்டு வரிசையின் பார்க்கிங்கில் இரண்டு கரவன் நிற்கின்றன. ஒன்றை நீலப் படங்கு போட்டு மூடியிருக்கிறது. மற்றதின் வாசலில் பூச்சாடிகூட உண்டு. படம் பழசாயிருக்கும் என்று அவளுக்காக அவரே வாதாடிப் பார்த்தார். மறுபடி திறந்து மூலையில் இருந்த திகதியைப் பார்த்தார். போன வருடம், புரட்டாதி மாதம். அவ்வளவு பழசில்லை.

கேட்டிருக்கலாம். அந்த நீலப் படங்குக்காரன் எந்தச் சட்டத்தில் நிற்கிறான் பிள்ளை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளாயிருந்தால் தரகரையே திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். அழுகை வரவில்லை; வெட்கமாக இருந்தது. ஆறு மாதமாகக் கோப்பை வாங்கி, விரிப்பு வாங்கி, யாரும் கேட்காத வீட்டுக்கு வாசல் பார்த்துத் திரிந்த வெட்கம்.

போகாமல் விடலாமா என்றும் யோசித்தார். விடமுடியாது. பூரணியின் மருமகள் சீலைக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள். இடியப்ப உரலுக்கு ஹம்பேர்க்கில் ஒரு வீடு காத்திருக்கிறது. நேற்று அந்த வீட்டுப் பெண்ணே போன் எடுத்து, "அண்ணை, கட்டாயம் சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்," என்று சொன்னாள். முன்பின் தெரியாத பெண்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெர்மேன் வந்து பார்த்தபோது முன்பக்க மேசை மடிந்திருந்தது. இருக்கைகளின் மேல் பார்சல்கள் வரிசையாக ஏறி, கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. கோப்பைகளில் ஐந்து, ஒரு பெட்டிக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் கொழுக்கியில் தொங்கியது. ஜெர்மேன் குனிய முடியாமல் குனிந்து தராசைப் பார்த்தார். அறுபத்திரண்டு.

"இப்போது சரி," என்றார். "இதைத்தான் அன்றைக்கே சொன்னேன். ஆட்கள் வந்தால்?"

"வரமாட்டார்கள்," என்றார் குலசேகரம்.

ஜெர்மேன், நாளைக்குக் காலை தான் பின்னால் நின்று கை காட்டுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குலசேகரம் அலமாரியைத் திறந்தார். ஒடியல் மா, சரக்குத்தூள், புழுக்கொடியல், விளக்குச் சரம் எல்லாவற்றையும் ஒரு காட்போட் பெட்டிக்குள் வைத்து, மற்றவர்கள் ஒட்டியதுபோலவே சுற்றிச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினார். கறுப்புப் பேனையால் எழுதினார்: தர்மிளா, ஒஸ்லோ, வீட்டு இலக்கம், தொலைபேசி எண். அனுப்புபவர் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, குலசேகரம், லா சப்பல் என்று போட்டார். பெட்டியைத் தூக்கி மற்றப் பார்சல்களோடு கட்டினார்.

பிறகு பார்சல் வீடுகள் எழுதிய கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. பெயர், ஊர், போய்ச் சேரும் நாள், அங்கே நிற்கும் நேரம். பன்னிரண்டாவது வரிக்குக் கீழே பதின்மூன்று என்று இலக்கமிட்டுத் தங்கச்சியின் பெயரை எழுதினார். நிற்கும் நேரம் என்ற இடத்தில், மற்ற வீடுகளுக்குப் போட்டதுபோலவே, அரை மணித்தியாலம் என்று போட்டார்.