செங்கம் பக்கத்து மேகம்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. பள்ளிக்கூடம் விடுமுறை, பாடம் நடத்தும் வேலையும் இல்லை. மத்தியானம் ஆனதும் செல்போனில் ரேடார் படம் பார்ப்பேன், மாடிக்கு ஓடி மேற்கே பார்ப்பேன், இறங்கி வந்து மறுபடி ஏறுவேன்.

"நீ பாக்கலன்னா மேகம் கோச்சிக்கினு போயிடுமா?" என்பார் என் வீட்டுக்காரர்.

எங்களுக்குக் கோடை மழை பெரும்பாலும் மேற்கே செங்கம் பக்கமிருந்துதான் வரும். அது மலையைத் தாண்டி ஊருக்குள் இறங்குமா என்பதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

போன கோடையில், எங்களுக்குக் கிழக்கே இருக்கும் கீழ்பென்னாத்தூரில் என் அக்கா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறித்துக் களத்தில் காயப்போட்டிருந்தாள். மழை வருமென்று நான் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் அவள் படுதா போட்டு மூடினாள். மழை வரவில்லை; காய்தான் புழுங்கியது. "உன் ஜோசியம் போதும்டி" என்றாள்.

அடுத்த நாள் மேற்கே ஒரு மேகம் எழும்பியது. அடி கறுத்து, தலை வெளுத்து, பார்க்கப் பார்க்க உயர்ந்தது. அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். நான் என்பதால்தான் எடுக்கவில்லையோ என்று தோன்றியது. மலைமேல் வெயில் மங்கிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"மழை வருதுன்ற, இப்ப எங்க போற?" என்றார் வீட்டுக்காரர்.

"அதுக்குத்தான் போறேன்."

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "பின்னாடி யாரும்மா வராங்க?" என்றார்.

"மழைங்க."

அவரும் திரும்பிப் பார்த்தார்.

களத்தில் அக்கா தனியாகக் காயைக் கிளறிக்கொண்டிருந்தாள். போன் வீட்டில் சார்ஜில் இருந்ததாம். என்னைப் பார்த்தாள், மேற்கே பார்த்தாள்.

"இதுக்கா பஸ் ஏறி வந்தே?"

படுதாவின் ஒரு முனையைப் பிடித்தாள். அதற்குள் காற்று வந்துவிட்டது. கண்ணெல்லாம் மண். படுதா உப்பிப் பறக்கப் பார்த்தது; இருவரும் அதன்மேல் விழுந்து அமுக்கி, சுற்றிலும் கல் வைத்தோம். நாலு தூறல் விழுந்தது. அவ்வளவுதான். மேகம் தலைக்குமேல் வந்து கலைந்து, வெயில் எட்டிப்பார்த்தது.

வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். "இங்க செம்ம மழை. தெருவெல்லாம் தண்ணி."

"காத்து எந்தப் பக்கம்? ஆலங்கட்டி விழுந்துச்சா?"

"எனக்கு என்னா தெரியும்? ஜன்னல சாத்திக்கினு உள்ள இருக்கேன்."

கோடை முழுக்க நான் காத்திருந்த மழை, நான் இல்லாத வீட்டின்மேல் பெய்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. "சரி, உக்காரு. டீ போட்டு எடுத்தாரேன்" என்று படுதாவின் ஓரத்தைத் தூக்கிச் சூட்டை வெளியே விட்டாள்.

என்னால் உட்கார முடியவில்லை. "வடக்கே இன்னொண்ணு கிளம்புதுக்கா."

"வருமா?"

"தெரியல."

கொஞ்சம் யோசித்துவிட்டுப் படுதாவைத் திரும்பவும் இறக்கிவிட்டாள்.

அதுவும் வரவில்லை. அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் நல்ல வெயில். இருவருமாகக் காயைக் கிளறிவிட்டோம்.