இருபது நிமிடம்

அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தீப்பெட்டி. உரசினால் போதும், பற்றிக்கொள்வார்.

வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஏதோ வாய்ப்பேச்சு முற்றி, கையிலிருந்த செல்போனைச் சுவரில் வீசினார். சிதறிய துண்டு மகளின் புருவத்தைக் கிழித்தது. மூன்று தையல். மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. மகளை அழைத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு வீட்டில் அவருடைய சத்தமே அவருக்குக் கேட்கவில்லை. யாரிடம் கத்துவது?

ரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், எதற்கென்றே தெரியாமல் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"கோவம் வந்தா ரத்தத்துல அட்ரினலின் ஏறும். நெஞ்சு படபடக்கும், கை முறுக்கும். யோசிக்கிற மூளை கொஞ்சம் லேட்டாத்தான் வரும். அதுவரைக்கும் அந்த இடத்துல நிக்காதீங்க. வெளிய போய் நடங்க. மூச்சை மெதுவா, நீளமா விடுங்க. ஒரு இருபது நிமிஷம்."

"அப்போ தப்பு என் மேல இல்லையா டாக்டர்?"

"கோவம் வர்றது உடம்பு. போனை எறிஞ்சது நீங்க."

அன்றிலிருந்து காது சூடானால் மெஷினை நிறுத்திவிட்டு அச்சகத்தைச் சுற்றி நடந்தார். "தீப்பெட்டி நமுத்துப்போச்சுடா" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை விழுங்கவும் இன்னொரு சுற்று தேவைப்பட்டது.

ஒருநாள் கட்டிங்காரர் அளவைத் தப்பாக வைத்து, நோட்டுப் புத்தக அட்டைகள் இரண்டாயிரத்தை வெட்டித் தள்ளிவிட்டார். இவருக்குக் காது சூடானது. மெஷினை நிறுத்திவிட்டு வெளியேறினார். திரும்பி வந்து பக்கத்தில் நின்றதும், அந்த ஆள் சட்டென்று முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டார்.

"அண்ணே, வேணும்னு செய்யலண்ணே..."

"பேப்பர எடு. மறுபடி ஓட்டுவோம்" என்றார். ஒருவேளை மகளும் இப்படித்தான் கையைத் தூக்கியிருப்பாளோ? அவர் பார்த்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வீட்டு வாசலில் போய் நின்றார். மனைவி கேட் வரை வந்தாள்.

"மாசம் ரெண்டு தடவ வந்து பாருங்க. இப்போதைக்கு அவ்வளவுதான்."

"சரி" என்றார். கெஞ்சவில்லை.

நான்காவது முறை போனபோது மகள் கணக்கு நோட்டோடு வந்தாள். வாசல் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, நோட்டை மட்டும் அவர் பக்கம் தள்ளினாள்.

"இது புரியலப்பா."

அவருக்கும் புரியவில்லை. இருவரும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்வதற்குள் கிளம்பியவர், பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனார். சீக்கிரம் போய்ச் சேர அங்கே யாரும் இல்லை.