இரண்டு பெட்டிகளும் ஒரு கல்யாண வீடும்

நான் பேஸ் கிற்றார் வாசிக்கத் தொடங்கிய காலத்தில் அதை நான் மட்டும்தான் கேட்டேன். பாடகரின் மைக்கும் என் கிற்றாரும் ஒரே அம்பிளிபயருக்குள் போய், குழாய் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்தன. குழாய் ஸ்பீக்கர் பாட்டை ஊர் முழுக்கக் கொண்டுபோகும். அடிச்சத்தத்தை மட்டும் தன் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கொழும்புத்துறையில் ஒரு கல்யாண வீட்டில், சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்த ஒரு மாமி என் பக்கத்தில் நின்று என் விரல்களையே பார்த்தார். பிறகு, "பிள்ளை, உதுக்கு இன்னும் கறண்ட் குடுக்கேல்லையோ?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான் அப்போது காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழுவில் பேஸ் வாசித்தவர் எண்பத்து நான்கில் ஜேர்மனிக்குப் போய்விட்டார். கிற்றாரை என் அண்ணையிடம் விற்றார். அம்பிளிபயரையும் விற்றார், ஆனால் வேறொரு குழுவுக்கு. அண்ணைதான் எங்கள் குழுவின் தலைவர். பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் கிற்றார். வாசிக்கத் தெரிந்த ஆண்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறிக்கொண்டிருந்த வருடம் அது. நான் பாலர் வகுப்புப் படிப்பித்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் குருநகரில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடற்குழுவுக்கு ஓர்கன் வாசித்தேன். ஓர்கனில் இடது கை செய்கிற வேலையை நான்கு கம்பிகளில் செய்யவேண்டும், அவ்வளவுதானே என்று கிற்றாரை எடுத்துத் தோளில் மாட்டினேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நிண்டுகொண்டு வாசிக்கப்போறியோ, இருந்து வாசிக்கப்போறியோ? நின்றுகொண்டு என்றேன். அப்படியென்றால் சீலைக்கு நல்லாக ஊசி குத்திக்கொண்டு போ என்றார்.

எண்பத்தைந்தில் போர்நிறுத்தம் வந்தது. அதற்கு முன் தள்ளிப்போட்டிருந்த கல்யாணங்களெல்லாம் வரிசையாக நடந்தன. எங்களுக்கும் ஓய்வில்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், பேஸுக்குத் தனிப் பெட்டி வாங்குவது என்று முடிவாயிற்று. அம்பிளிபயரும் ஸ்பீக்கரும் ஒன்றாகச் சேர்ந்து வருவதை நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம். எந்தப் பெட்டி என்பதில்தான் எனக்கும் அண்ணைக்கும் இழுபறி.

யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு றேடியோ திருத்தகத்தில் பெட்டிகள் செய்து விற்றார்கள். எங்கள் கையில் இருந்த காசுக்குச் சரியாக வரும். அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் கலகலப்பான மனிதர். எனக்கு ஒரு ஸ்ரூல் போட்டுவிட்டு, அண்ணையிடமே எல்லாவற்றையும் விளக்கினார். பிறகு குமிழை முழுவதாகத் திருப்பி, பேஸ் கிற்றாரை வாங்கித் தானே ஒரு தட்டுத் தட்டினார். தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார். அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது.

நான் கிற்றாரைத் திருப்பி வாங்கினேன். குமிழைப் பாதிக்குக் குறைத்து, தடித்த கம்பியில் அடுத்தடுத்த நான்கு சுரங்களை ஆறுதலாக வாசித்தேன். சத்தம் இருந்தது, ஆனால் நான்கும் ஒரே சுரம்போலக் கேட்டன. கிணற்றுக்குள் நின்று நான்கு பேர் கதைப்பதுபோல, ஆர் என்ன சொல்கிறார் என்று பிரிக்க முடியவில்லை. கடைக்காரரிடம் அதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "தங்கச்சி, சனத்துக்குச் சத்தம்தான் வேணும்," என்றார். அண்ணை அதற்குத் தலையாட்டினார்.

இன்னொரு பெட்டி இருப்பதை எங்கள் குழுவில் றம்ஸ் அடிக்கிறவர்தான் சொன்னார். வடமராட்சியில், பருத்தித்துறைக்குக் கிட்ட, கப்பலில் வேலைசெய்து ஓய்ந்து வந்த ஒருவர் ஜப்பானிலிருந்து ஒரு பேஸ் பெட்டி கொண்டுவந்து வைத்திருக்கிறார், விற்கப்போகிறாராம் என்றார். பார்த்துவிட்டு வருவதில் என்ன என்று ஒரு சனிக்கிழமை நானும் அண்ணையும் கிற்றாரையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், அகன்ற தோள், அதிகம் பேசாதவர். கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர்களோடு சேர்ந்து வாசித்தாராம். கரைக்கு வந்த பிறகு கூட வாசிக்க ஆளில்லை. விறாந்தையில் இருந்த பெட்டியின்மேல் விரித்திருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, ஒரு மூலையிலிருந்து இரும்புக் கட்டிபோல ஒன்றை இழுத்துவந்தார். அது ரான்ஸ்போமர். ஜப்பான் கறண்டின் வலு எங்கள் கறண்டில் பாதிக்கும் குறைவு என்பதால், அது இல்லாமல் பெட்டியைக் கொழுவினால் அந்த இடத்திலேயே எரிந்துபோகும். அண்ணை என் பக்கம் குனிந்து, இதைத் தூக்கவே ஒரு ஆளுக்குச் சாப்பாடு போடவேணும் என்று முணுமுணுத்தார்.

விலையைக் கேட்டோம். ரவுன் பெட்டியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அண்ணை குறைத்துக் கேட்க வாயெடுக்க முன்னரே அவர் சொன்னார்:

"விலை குறைக்கமாட்டன் தம்பி. ஆனா கேட்டுப் பாக்கக் காசில்லை. பிள்ளை வாசிக்கட்டும்."

பெட்டியைப் பற்றிப் பேசும்போது என்னை வாசிக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் அதே நான்கு சுரங்களை வாசித்தேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. தொடக்கம் தெரிந்தது, முடிவும் தெரிந்தது. காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரிந்தது. விரலை மெதுவாக வைத்தால் மெதுவாகவே வந்தது. அழுத்தினால் அது எனக்காகத் தோள் கொடுத்தது. என் கையில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். குசினியிலிருந்து அவருடைய மனைவி கையில் அகப்பையோடு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். நான் நிறுத்தியதும், ஏன் நிப்பாட்டிப்போட்டாய் என்று கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணை கிற்றாரை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு வந்தார். அச்சுவேலி கழிந்ததும் சொன்னார்.

"நல்ல சத்தம். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நாங்கள் ஆருக்கு வாசிக்கிறம்? கல்யாணவீட்டிலை சோறு சாப்பிடுற சனத்துக்கு. அவைக்கு இந்த வித்தியாசம் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்பிடிச் சொல்லுறாய்?"

"அவையைக் கொண்டே சொல்லுவிக்கிறன்."

சொல்லிவிட்டேனே தவிர, வழி அடுத்த நாள் பூசையில் ஓர்கனுக்கு முன்னால் இருக்கும்போதுதான் தோன்றியது. றம்ஸ்காரரின் தங்கைக்குக் குருநகரில் கல்யாணம் வருகிறது. நாங்கள்தான் வாசிக்கிறோம். இரண்டு பெட்டிகளையும் அங்கே கொண்டுவந்து, பாதி நேரம் ஒன்றில், மீதி நேரம் மற்றதில் வாசிப்போம். ரவுன் கடைக்காரர் உடனே ஓம் என்றார். அவருக்கு அது விளம்பரம். கப்பல்காரர் யோசித்தார். வாடகை தருகிறோம் என்றேன். வாடகை வேண்டாம், ஆனால் பெட்டியோடு தானும் வருவேன் என்றார்.

கோயிலில் கல்யாணம் முடிந்து, வீட்டு வளவில் போட்ட பந்தலில் மத்தியானச் சாப்பாடு நடந்தது. கப்பல்காரர் ஒரு வானில் வந்து இறங்கினார், ரான்ஸ்போமரைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு. கடைக்காரர் தன் பெட்டியைப் புதிதாகத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பந்தலின் இரண்டு பக்கங்களில் கதிரை போட்டு இருந்தார்கள்.

முதலில் ரவுன் பெட்டி. சத்தம் பந்தலை நிறைத்தது. பொடியள் விசிலடித்தார்கள். மேசையில் இருந்த கோப்பைகள் கலகலத்தன. றம்ஸ்காரர் அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஓங்கி அடிக்கத் தொடங்கினார். அவருக்கு மேலால் கேட்கவேண்டும் என்று எங்கள் பாடகர் தன் குரலை எதிரொலிக்க வைக்கிற எக்கோவைக் கூட்டினார். அண்ணையின் கிற்றார் எங்கேயோ காணாமல்போயிற்று. பைலா ஆட்டப்பாட்டுக்கு ஒரு கூட்டம் எழும்பி ஆடியது, அதை மறைக்க முடியாது. ஆனால் வயதானவர்கள் கதிரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அண்ணை என்னைப் பார்த்தார். இந்தப் பெட்டியே எங்களுக்குக் காணும்தானே என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

தேத்தண்ணீர் குடித்துவிட்டு மற்றப் பெட்டியைக் கொழுவினோம். முதல் பாட்டிலேயே பின்னாலிருந்து ஒருவர், என்ன சத்தத்தைக் குறைச்சுப்போட்டியள் என்று கேட்டார். அண்ணையின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் பதறவில்லை. றம்ஸ்காரரிடம் போய், கொஞ்சம் பைய அடியுங்கோ, என்னைக் கேட்டு அடியுங்கோ என்றேன். பிறகு பைலாவுக்குப் போனோம்.

பைலாவில் பேஸ் ஆடுகிறவரின் காலுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையைச் செய்கிறது. எங்கே வைக்கவேண்டும், எங்கே தூக்கவேண்டும் என்று. அன்றைக்கு அதை என்னால் சொல்ல முடிந்தது. முதலில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் கால்கள் ஒன்றாக விழத் தொடங்கின. மணல் தரையில் அந்த ஓசை கேட்டது. பிறகு மணப்பெண்ணின் பெரியம்மா, அதுவரை வெற்றிலைத் தட்டோடு ஓரத்தில் இருந்தவர், தட்டைப் பக்கத்தவரின் மடியில் வைத்துவிட்டு எழும்பினார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே எழும்பியது. பின்னுக்குப் போன கதிரைகள் முன்னுக்கு வந்தன. பக்கத்து வளவுக்காரர்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். அண்ணைக்குத் தன் கிற்றார் கேட்கத் தொடங்கியது. வாசித்துக்கொண்டே அவர் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார்.

பாட்டுகள் முடிந்து சாமான்களைக் கட்டும்போது ரவுன் கடைக்காரர் வந்தார். ஜப்பான் பெட்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தங்கச்சி, இதுதான் சாமான். என்ரை விலைக்கு என்னாலை இதைச் செய்யேலாது," என்றார். வியாபாரி ஒருவர் அப்படிச் சொன்னதை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. அவரிடம்தான் பின்னர் எல்லாத் திருத்த வேலைகளுக்கும் போனோம்.

இனி விலை மட்டும்தான் பிரச்சினை. அடுத்த நாள் அண்ணை அதைத்தான் கேட்டார்: நல்லதுதான், மிச்சக் காசுக்கு எங்கை போறது? நான் அதற்கும் பதில் வைத்திருந்தேன். எக்கோவை விற்போம் என்றேன்.

அந்த நாட்களில் எக்கோ இல்லாத குழுவை ஆரும் மதிக்கமாட்டார்கள். பாடகர் ஒரு சொல்லைப் பாடினால் அது இரண்டு மூன்றாகத் திரும்பி வரவேண்டும். அண்ணை அதைக் கொழும்பிலிருந்து ஆசையாக எடுப்பித்தவர். பாடகர் எங்கள் சித்தப்பாவின் மகன். எக்கோ இல்லாமல் பாடினால் அவருடைய குரலின் ஓட்டைகள் வெளியே தெரியும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் எழும்பி நின்று, அப்ப நான் பாடேல்லை என்றார்.

"சனம் உங்கடை குரலை ஒவ்வொரு சொல்லும் ரெண்டு தரம் கேக்குது," என்றேன் நான். "என்ரையை ஒருதரமும் கேக்கேல்லை."

அண்ணை சிரித்துவிட்டார். சிரித்ததோடு முடிவாயிற்று. சுன்னாகத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற ஒருவர் எக்கோவை வாங்கிக்கொண்டு போனார். என் சம்பளத்தில் சேர்த்ததையும் போட்டேன். கப்பல்காரர் விலையைக் குறைக்கவில்லை. ரான்ஸ்போமருக்கு மட்டும் காசு வேண்டாம் என்றார். பெட்டியை வானில் ஏற்றியபோது அவருடைய மனைவி, இந்தப் பக்கம் வருகிறபோது பெட்டியோடு வந்து ஒருக்கால் வாசித்துவிட்டுப் போ என்றார். போனேன், பலமுறை.

பாடகர் இரண்டு கல்யாணங்களுக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு பாடினார். பிறகு விடியற்காலையில் கடற்கரைப் பக்கம் போய்ப் பாடிப் பழகுகிறார் என்று கேள்விப்பட்டோம். அந்த வருடக் கடைசியில் அவர் பாடியதைக் கேட்டு, இது ஆர் புதுப் பாடகரோ என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். அவர் அதை எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார்.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நிற்கும்வரை அந்தப் பெட்டிக்கு அதிக ஓய்வு கிடைக்கவில்லை. மற்றக் குழுக்காரரும் தேடிவரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் கரவெட்டியிலிருந்து வந்தார், ஒரு வாத்தியார். அவர்களுடைய வாசிகசாலையில் ஆண்டு விழா. பெட்டியை ஒருநாள் வாடகைக்குத் தரமுடியுமா என்று கேட்டார். பேஸ் ஆர் வாசிப்பார் என்று கேட்டேன். வாசித்தவர் கனடாவுக்குப் போய்விட்டார், கீபோட்காரரின் இடது கையைப் பெட்டியில் கொழுவிச் சமாளிக்கப்போகிறோம் என்றார்.

"பெட்டி தனிய வராது. நானும் வருவன்," என்றேன்.

அவர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை என்னைக் காட்டினார். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கடை ஊர் மேடையிலை பொம்பிளைப்பிள்ளை உப்பிடி நிண்டு வாசிச்சதில்லை, கமிற்றியிலை கதைக்கவேணும் என்றார். கதைத்துவிட்டு வாங்கோ, அவசரமில்லை என்று தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த கிழமை வானோடு வந்தார். கமிற்றியில் பெரிய வாக்குவாதமாம்; கடைசியில் பெட்டி வேண்டும் என்பதால் என்னையும் ஒத்துக்கொண்டார்களாம். மறைக்காமல் சொன்னார், எனக்கும் அது பிடித்திருந்தது. விழாவில் முன்வரிசையில் கமிற்றிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். நான் ஒருவரையும் பார்க்காமல் றம்ஸையே கேட்டு வாசித்தேன். சில பாட்டுகள் போனபின் நிமிர்ந்தபோது, தலைவரின் செருப்பு தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் வாத்தியார் திரும்பவும் வந்தார். இந்தமுறை பெட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை. உங்களுக்கு அந்தத் திகதி வசதியோ என்றுதான் கேட்டார். வசதி என்றேன், என் காசை மட்டும் போன வருடத்தைவிடக் கூட்டிச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓம் என்றார்.